வலைக்கு ஏற்ற மீன்கள்: மனித செல் மேற்பரப்பு ஏற்பிகளின் தேடல்

1992இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் ஒரு புதிய மரபணுவை அறிவித்தது. செல்கள் தாமாகவே மடியும்போது எந்தெந்த மரபணுக்கள் வேலைசெய்யத் தொடங்குகின்றன என்பதுதான் அங்கே யசுமசா இஷிதா எடுத்துக்கொண்ட கேள்வி. மடியத் தொடங்கியிருந்த செல்களின் தூது ஆர்.என்.ஏ.வை எடுத்து, நலமாக இருக்கும் செல்களிலும் காணப்படுபவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஆராய்ந்தார்கள். கிடைத்தது, செல் சவ்வில் பதிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தின் மரபணு. திட்டமிட்ட சாவு என்ற பொருளில் அதற்கு பி.டி-1 என்று பெயர் வைத்தார்கள். பெயர் பொருந்தவில்லை. அந்த மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வயதாக ஆக லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வருவதை 1999இல் பார்த்த பிறகுதான், அது நோயெதிர்ப்பு செல்களை அடக்கிவைக்கும் ஏற்பி என்பது புரிந்தது. 2014இல் அதை மறித்து நிற்கும் புற்றுநோய் மருந்து விற்பனைக்கு வந்தது. 2018இல் ஹோன்ஜோவுக்கு நோபல் பரிசு. பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

மனிதரிடம் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றில் செல்லின் வெளிப்பரப்பில் நிற்கும் புரதங்களுக்கானவை எத்தனை என்று 2018இல் சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கணினி வழியே மதிப்பிட்டார்கள்: 2,886. எல்லாமே ஏற்பிகள் என்று சொல்ல முடியாது. கடத்திகள், நொதிகள், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பவை என எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வெளியிலிருந்து வரும் ஒன்றை அடையாளம் கண்டு, அந்தச் சேதியை உள்ளே கடத்தினால்தான் அது ஏற்பி. வந்து பொருந்தும் மூலக்கூறை லிகண்ட் என்பார்கள். ஹார்மோனும் மணமும் மிளகாய்க் காரமும் இப்படித்தான் செல்லுக்குத் தெரியவருகின்றன. மருந்துகளும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வேலைசெய்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளில் மூன்றில் ஒரு பங்கு, ஜி-புரத ஏற்பிகள் என்ற ஒரே குடும்பத்தைக் குறிவைப்பவை.

இந்த ஏற்பிகளின் மரபணுக்கள் எப்படிக் கிடைத்தன, கிடைத்த பிறகு அவை இன்னவை என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. பொதுவாக இதை ஒரு வெற்றி ஊர்வலமாக எழுதிவிடுவார்கள். எனக்குப் படுவது வேறு. எந்தக் காலத்தில் எந்த ஏற்பி கிடைத்தது என்பதை அதன் முக்கியத்துவம் தீர்மானிக்கவில்லை; தேடிய முறைதான் தீர்மானித்தது. வலையின் கண் எப்படியோ அப்படித்தான் மீன். ஒரு முறையில் வருடக்கணக்காகச் சிக்காத ஏற்பி, வேறொரு முறையில் சில மாதங்களில் சிக்கியிருக்கிறது.

ஏற்பி என்ற கருத்து மரபணு என்ற சொல்லுக்கு ஏறக்குறைய சமவயது. 1905இல் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி, நிக்கோட்டினும் குராரேயும் தசையின் மீது ஒன்றுக்கொன்று எதிராக வேலைசெய்வதைப் பார்த்து, தசையில் இவற்றை ஏற்கும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று எழுதினார். ஜெர்மனியில் பால் எர்லிக் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார். ஆனால் அதைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. 1948இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலின் வகைப் பொருள்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு விதமான ஏற்பிகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். அவருக்கே அவை ஒரு கருத்துருதான். திசு நடந்துகொள்ளும் விதத்தை விளக்க மனிதர் கட்டிக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கை நம்பி ஜேம்ஸ் பிளாக் பீட்டா ஏற்பியை மறிக்கும் புரோப்ரனலாலை உருவாக்கினார். ஏற்பியைப் பார்க்காமலே அதற்கு மருந்து வந்துவிட்டது. லட்சக்கணக்கான இதய நோயாளிகள் விழுங்கிய மாத்திரை போய் ஒட்டிக்கொண்ட பொருள் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஏற்பியைப் புரதமாகப் பிரித்தெடுப்பதில் இருந்த தடை எளிமையானது: அது மிகக் குறைவு. ஆகவே முதலில் கிடைத்தவை, இயற்கை எங்கேயோ ஏராளமாகக் குவித்துவைத்திருந்தவை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் உள்ள அசிட்டைல்கோலின் ஏற்பி மனிதத் தசையில் சொற்பம். டார்பிடோ எனப்படும் மின்திருக்கையின் மின்னுறுப்பில் அடுக்கடுக்காக இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்கத் தூண்டிலும் கிடைத்தது. தைவான் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து எடுத்த புங்கரோடாக்சின், அந்த ஏற்பியைப் பிடித்தால் லேசில் விடாது. 1982இல் கியோட்டோவில் ஷோசகு நுமாவின் குழு டார்பிடோவிலிருந்து அந்த ஏற்பியின் ஆல்ஃபா துணையலகுக்கான மரபணு வரிசையைப் படித்தது. டல்லஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல்.லைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பியை, குழந்தைப் பருவத்திலேயே மாரடைப்பு வரும் குடும்பங்களின் தோல் செல்களை வைத்துக் கண்டறிந்தார்கள். நோயாளியின் செல்லில் எல்.டி.எல். ஒட்டவில்லை, மற்றவர் செல்லில் ஒட்டியது. ஆனால் புரதத்தைப் பிரித்தெடுக்க மாட்டின் அட்ரினல் சுரப்பிக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஸ்டீராய்டு ஹார்மோன் தயாரிக்கும் அந்தச் சுரப்பிக்குக் கொழுப்பு நிறைய வேண்டும், ஏற்பியும் நிறைய இருக்கும். அந்த மாட்டுப் புரதத்தின் துண்டு வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் 1984இல் மனித மரபணுவின் பிரதி கிடைத்தது.

பீட்டா ஏற்பிக்கு இப்படியொரு களஞ்சியம் இல்லை. ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் கதிரியக்கம் ஏற்றிய மருந்தை வைத்து அதைப் பின்தொடர்ந்து, வெள்ளெலிகளின் நுரையீரலிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு செறிவூட்டிப் பிரித்தெடுக்க வருடக்கணக்கானது. கிடைத்த புரதத்தின் துண்டுகளை மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு சேர்ந்து வரிசைப்படுத்தி, 1986இல் முழு மரபணுவைப் படித்தார்கள். தூது ஆர்.என்.ஏ.வின் பிரதிகளில் முழு மரபணு அகப்படாமல் இழுத்தடித்தபோது, பிரையன் கோபில்கா ஜீனோம் துண்டுகளிலேயே தேடலாம் என்றார். அந்த மரபணுவில் இடையில் வெட்டி எறிய வேண்டிய இன்ட்ரான்கள் இல்லாததால், ஒரே துண்டில் முழுவதும் வந்துவிட்டது. படித்தவர்களுக்கு அதிர்ச்சி. வரிசை, கண்ணின் விழித்திரையில் ஒளியை வாங்கும் ரோடாப்சினை ஒத்திருந்தது. இரண்டுமே சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஜி-புரத ஏற்பிகள். அட்ரினலினை உணர்வதும் ஒளியை உணர்வதும் ஒரே குடும்பத்து வேலை என்று அதுவரை ஒருவரும் நினைக்கவில்லை. ஒரு மரபணு தெரிந்தால் அதன் சாயலை வைத்து மற்றவற்றைத் தேடலாம் என்ற அடுத்த காலகட்டத்துக்கு இதுதான் கதவு திறந்தது.

அதற்கு முன்னால் புரதத்தைத் தொடாமலே மரபணுவுக்குப் போன ஒரு வேட்டையைச் சற்று நின்று பார்க்கலாம். நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி-செல்லின் ஏற்பி எது என்ற கேள்வி 1980களின் தொடக்கத்தில் நோயெதிர்ப்பியலின் பெரும் பரிசாக இருந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்க் டேவிஸும் ஸ்டீபன் ஹெட்ரிக்கும் போட்ட கணக்கு அழகானது. பி-செல்லும் டி-செல்லும் பயன்படுத்தும் தூது ஆர்.என்.ஏ.க்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு ஒன்றேதான். ஆகவே பொதுவானதைக் கழித்துவிடு. ஏற்பி சவ்வுப் புரதம். ஆகவே சவ்வில் ஒட்டிய ரைபோசோம்களிலிருந்து மட்டும் ஆர்.என்.ஏ.வை எடு. எதிர்ப்பொருளைப் போலவே டி-செல் ஏற்பியும் எண்ணற்ற விதங்களில் இருக்க வேண்டும். ஆகவே அதன் மரபணு டி-செல்லில் மட்டும் கலைத்து அடுக்கப்பட்டிருக்க வேண்டும், மற்ற செல்களில் பழையபடி இருக்க வேண்டும். மூன்று நிபந்தனைகளும் பொருந்திய மரபணுப் பிரதி (குளோன்) அகப்பட்டது. அதே நேரத்தில் டொரன்டோவில் டாக் மாக் மனித டி-செல்லில் அதன் இணையைக் கண்டிருந்தார். 1984 மார்ச்சில் 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டும் வந்தன. ஏற்பி மரபணு வேட்டையில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இது. அதிர்ஷ்டத்துக்கு இதில் பங்கு குறைவு. எதைத் தேடுகிறோம் என்பதைத் தேடுவதற்கு முன்பே இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்த ஆய்வுகள் அதிகமில்லை.

வேலையை வைத்து மரபணுவைப் பிடிக்கும் முறை இன்னொரு பாதை. ஒரு திசுவின் ஆர்.என்.ஏ. எல்லாவற்றையும் பிரதியெடுத்து, அந்த வேலையே தெரியாத வேறொரு செல்லுக்குள் செலுத்துவது. எந்தச் செல் புதிதாக அந்த வேலையைச் செய்கிறதோ, அதற்குள் போன மரபணுவே நாம் தேடியது. 1987இல் பாஸ்டனில் பிரையன் சீடும் அலெஹாந்த்ரோ அருஃபோவும் குரங்குச் செல்களுக்குள் மரபணுப் பிரதிகளைச் செலுத்தி, எதிர்ப்பொருள் பூசிய தட்டில் ஊற்றினார்கள். சரியான புரதத்தை மேற்பரப்பில் காட்டும் செல் தட்டில் ஒட்டிக்கொள்ளும்; மற்றவை கழுவிப் போய்விடும். சி.டி.2, சி.டி.28 ஆகியவற்றின் மரபணுக்கள் இப்படிக் கிடைத்தன. பெயருக்கு முன் வரும் சி.டி. என்பதே ஒரு காலத்தின் அடையாளம்: வெள்ளணுக்களின் மேல் எந்த எதிர்ப்பொருள் ஒட்டுகிறது என்பதை மட்டும் வைத்து, வேலை தெரியாத புரதங்களுக்கு 1982இல் பாரிஸில் தொடங்கி வரிசையாக எண் போட்டார்கள்.

இந்த முறையின் உச்சம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. மிளகாயின் கேப்சைசின் நம் நரம்பில் எதைத் தொடுகிறது என்று டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் தேடியது. வலி நரம்புகளின் செல்களிலிருந்து எடுத்த பிரதிகளை ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 16,000 குளோன்கள் என்று பிரித்துக்கொண்டார்கள். கேப்சைசினைக் கண்டுகொள்ளாத சிறுநீரகச் செல்களுக்குள் ஒவ்வொரு குழுவையும் செலுத்தி, கால்சியம் நுழைந்தால் ஒளிரும் சாயம் இட்டு, மேலே கேப்சைசினை விட்டு, நுண்ணோக்கியில் காத்திருப்பது. ஒரு குழுவில் சில செல்கள் ஒளிர்ந்தன. அந்தக் குழுவைப் பிரி, மீண்டும் பிரி, கடைசியில் ஒற்றைக் குளோன். 1997இல் வெளியான இந்த ஏற்பி, இன்று டி.ஆர்.பி.வி.1, 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்துக்கும் திறந்துகொள்கிறது என்பது கூடவே தெரிந்தது. காரமான குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வாய் எரிகிறது என்கிறோமே, அது உவமையாகச் சொல்வது இல்லை. ஒரே கதவைத்தான் இரண்டும் தட்டுகின்றன.

தொடுதலுக்கு இந்த வழி நடக்கவில்லை. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஆர்டெம் பட்டபூட்டியனும் பெர்ட்ரான் கோஸ்தும் தலைகீழாகப் போனார்கள். குத்தினால் மின்னோட்டம் காட்டும் ஒரு செல் வகையை எடுத்து, சந்தேகத்துக்குரிய மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்ப்பது. பட்டியலில் 72 பெயர்கள். ஒவ்வொன்றையும் அடக்கிவிட்டு, கண்ணாடி முனையால் செல்லைக் குத்தி, மின்னோட்டம் வருகிறதா என்று அளக்க வேண்டும். வந்துகொண்டே இருந்தது. பட்டியலின் கடைசியில் போய்த்தான் செல் மௌனமானது. 2010இல் பியெசோ1 என்று அறிவிக்கப்பட்ட அந்தப் புரதத்தில் 2,500க்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். தெரிந்த எந்த அயனி வாயிலின் சாயலும் அதில் இல்லை. சாயலை வைத்துத் தேடியிருந்தால் அது இன்றும் கிடைத்திருக்காது.

மனிதருக்கு முன்பாகவே வைரஸ்கள் இந்த வேட்டையை முடித்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். போலியோ வைரஸ் சுண்டெலியின் செல்லுக்குள் நுழையாது. 1989இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் ரகானியெல்லோவின் குழு மனித டி.என்.ஏ.வைச் சுண்டெலிச் செல்களுக்குள் கலந்து, எந்தச் செல் போலியோவுக்கு இடம்கொடுக்கிறது என்று பார்த்து, அதன் ஏற்பி மரபணுவைப் பிடித்தது. போலியோவுக்கு வாசல் திறக்கவா உடல் அந்தப் புரதத்தை வைத்திருக்கிறது? அதன் சொந்த வேலை, நோயெதிர்ப்பு செல்களின் ஏற்பிகளோடு பேசுவது என்பது அடுத்த இருபது ஆண்டுகளில் மெல்லத் தெளிந்தது. மரபணுவின் அதிகாரபூர்வப் பெயர் இன்னும் பி.வி.ஆர்., அதாவது போலியோ வைரஸ் ஏற்பி. 2000இல் ரத்த அழுத்தம் தொடர்பான நொதியாக அறிமுகமான ஏ.சி.இ.2, 2003இல் சார்ஸ் வைரஸின் ஏற்பியாக அடையாளம் காணப்பட்டதும், 2020இல் உலகமே உச்சரித்த பெயரானதும் வாசகருக்கு நினைவிருக்கும்.

சாயலைத் தேடும் காலம் 1980களின் இறுதியில், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறையோடு வந்தது. ஏழு முறை சவ்வைக் கடக்கும் ஏற்பிகளில் எங்கும் மாறாமல் இருக்கும் சில பகுதிகள் உண்டு. அவற்றுக்குப் பொருந்தும் பிரைமர்களை வைத்து இடைப்பட்டதைப் பெருக்கினால் தெரியாத உறவினர்களும் வந்து விழும். 1989இல் பிரஸ்ஸல்ஸில் ஜில்பேர் வஸார், மார்க் பர்மென்தியே ஆகியோரின் குழு தைராய்டுத் திசுவிலிருந்து நான்கு புதிய ஏற்பிகளை இப்படி எடுத்தது. அவற்றில் இரண்டு அடினோசினின் ஏற்பிகள் என்று சீக்கிரமே தெரிந்தது. நாம் குடிக்கும் காப்பியில் இருக்கும் காஃபின் மறிப்பது இவற்றைத்தான்.

1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் மூக்கின் ஏற்பிகளைப் பிடித்ததும் இதே முறையில்தான். பக் செய்த ஒரு சிறு சோதனை எந்தப் பாடநூலிலும் இடம்பெறத் தக்கது. பி.சி.ஆரில் கிடைத்த டி.என்.ஏ. பட்டையை ஒரு வெட்டு நொதியால் வெட்டினார். ஒரே மரபணுவின் துண்டு என்றால் வெட்டிய துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் பழைய நீளம் வர வேண்டும். ஒரு பட்டையில் மட்டும் கூட்டுத்தொகை பல மடங்கு எகிறியது. அப்படியானால் அந்த ஒற்றைப் பட்டைக்குள் ஒரே நீளமுள்ள பற்பல மரபணுக்கள் ஒளிந்திருக்கின்றன. பாலூட்டிகளின் மிகப் பெரிய மரபணுக் குடும்பம் அதற்குள் இருந்தது. மனிதரிடம் இன்று வேலைசெய்யும் மண ஏற்பி மரபணுக்கள் ஏறத்தாழ 400. அதே அளவோ அதற்கு மேலோ பழுதடைந்து போனவையும் நம் ஜீனோமில் கிடக்கின்றன. ஆனால் அந்த 400இல் பெரும்பாலானவை எந்த மணத்துக்குரியவை என்று இன்னும் தெரியாது.

இங்கேதான் நிலைமை தலைகீழானது. ஆல்க்விஸ்டின் காலத்தில் வேலை தெரியும், பொருள் தெரியாது. இப்போது மரபணு வரிசை கையில் இருக்கிறது, வேலை தெரியாது. அநாதை ஏற்பிகள் என்று இவற்றை அழைக்கத் தொடங்கினார்கள். 1990களில் நிறுவனங்கள் மனிதத் திசுக்களின் ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கண்மண் தெரியாமல் படித்துக் கணினியில் குவிக்க ஆரம்பித்ததும் அநாதைகளின் எண்ணிக்கை பெருகியது. கூடவே காப்புரிமைச் சர்ச்சையும் வந்தது. அமெரிக்காவின் ஹியூமன் ஜீனோம் சயின்சஸ் நிறுவனம் ஓர் ஏற்பியின் மரபணுவுக்கு 1995இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. எய்ட்ஸ் வைரஸ் பற்றி அந்த விண்ணப்பத்துக்கு ஏதும் தெரியாது. 1996இல் வேறு பல ஆய்வகங்கள் அது சி.சி.ஆர்.5 என்றும், எச்.ஐ.வி. அதைப் பற்றிக்கொண்டே செல்லுக்குள் நுழைகிறது என்றும் நிறுவின. அதில் 32 எழுத்துகள் விடுபட்ட பிரதியைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்குத் தொற்று அரிது என்பதும் தெரிந்தது. 2000இல் காப்புரிமை முதலில் விண்ணப்பித்த நிறுவனத்துக்கே போனது. வரிசையைப் படித்தவருக்கு வேலையையும் சேர்த்து எழுதிக்கொடுத்தது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னபோது, இந்த வகையான ஓட்டப்பந்தயம் ஏற்கெனவே ஓய்ந்திருந்தது.

அநாதைக்கு உறவு தேடும் முறை எளிதாகத் தெரியும். ஏற்பியை ஒரு செல்லில் ஏற்றி, மூளை, வயிறு, குடல் என்று திசுச் சாறுகளை ஒவ்வொன்றாக ஊற்றி, செல் எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்த்து, அந்தச் சாற்றைப் பிரித்துக்கொண்டே போவது. 1998இல் டல்லஸில் தகேஷி சகுராயும் மசாஷி யனகிசாவாவும் எலி மூளைச் சாற்றிலிருந்து இப்படி எடுத்த பொருளுக்கு ஒரெக்சின் என்று பெயரிட்டார்கள். பசியைத் தூண்டுவதாகத் தோன்றியதால் அந்தப் பெயர். அடுத்த ஆண்டே அந்தப் பொருளின் கதை வேறு இடத்துக்குப் போனது. ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மிக்னோ, உற்சாகம் வந்தால் அப்படியே சரிந்து விழும் டாபர்மேன் நாய்களின் மரபணுக் கோளாற்றைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது ஒரெக்சின் ஏற்பியில் ஒரு முறிவு. விழித்திருக்கச் செய்யும் பொருள் அது. 2014இல் அந்த ஏற்பிகளை மறிக்கும் தூக்க மருந்து அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது.

கிரெலின் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஏற்பி 1996இல் கிடைத்தது. லிகண்ட் மூளையில் இருக்கும் என்று எல்லோரும் அங்கேயே தேடினார்கள். ஜப்பானில் மசயாசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும் 1999இல் அதை வயிற்றுச் சாற்றில் கண்டு, கிரெலின் என்று பெயரிட்டார்கள். 28 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். ஆனால் மூன்றாவது இடத்தில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருந்தால்தான் ஏற்பி திரும்பிப் பார்க்கிறது. மரபணு வரிசையை எத்தனை முறை படித்தாலும் இது தெரியவராது.

சில அநாதைகளுக்கு உறவைக் காட்டியவை குடும்பங்கள்தான். ஜி.பி.ஆர்.54 என்ற ஏற்பியில் குறை இருந்தால் பருவம் எய்துவதே நிகழாது என்பதை 2003இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், உறவுக்குள் மணம் செய்த குடும்பங்களைப் படித்துக் கண்டறிந்தன. அதன் லிகண்டான கிஸ்பெப்டின், பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் புற்றுநோய்ப் பரவலைத் தடுக்கும் பொருளாக முதலில் கிடைத்தது. கிஸ்பெப்டின் என்ற பெயரே அவ்வூர் சாக்லேட்டிலிருந்து வந்தது. பருவமடைதலின் சாவி என்று யாரும் எதிர்பார்த்துத் தேடவில்லை.

தவறிய கதைகளும் உண்டு. அவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஒபெஸ்டாடின் என்ற ஹார்மோன் ஜி.பி.ஆர்.39இன் லிகண்ட் என்று வந்தது. பசியைக் குறைக்கும் என்றும் சொன்னார்கள். பல ஆய்வகங்கள் செய்து பார்த்தும் வரவில்லை. அந்த ஏற்பியை உசுப்புவது துத்தநாக அயனி என்பதே பிறகு நிலைத்தது. ஓர் ஏற்பியை அநாதைப் பட்டியலிலிருந்து எடுக்க, தனித்தனி ஆய்வுக்குழுக்களின் குறைந்தது இரண்டு கட்டுரைகள் வேண்டும் என்று சர்வதேச மருந்தியல் ஒன்றியத்தின் குழு விதி வைத்திருப்பது இதனால்தான்.

மரபணு சரி, லிகண்டும் சரி, ஆனாலும் செல் பதில் சொல்லவில்லை என்ற சிக்கலும் வந்தது. ஒற்றைத்தலைவலியோடு தொடர்புடைய சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளுக்கு ஏற்ற மரபணு என்று சந்தேகிக்கப்பட்ட ஒன்றைச் செல்லில் ஏற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. 1998இல் கிளாக்ஸோவில் ஸ்டீவன் ஃபோர்டின் குழு காரணத்தைக் கண்டது. ராம்ப்1 என்ற சிறு சவ்வுப் புரதம் கூட வந்தால்தான் அந்த ஏற்பி மேற்பரப்புக்கே வருகிறது. ராம்ப்2 வந்தால் அதே ஏற்பி வேறொரு ஹார்மோனுக்குப் பதில் சொல்கிறது. அதாவது ஓர் ஏற்பி என்பது ஒரு மரபணு என்ற கணக்கே இங்கே செல்லாது. காபா என்ற நரம்புக் கடத்திக்கான காபா-பி ஏற்பியும் அதே சமயத்தில் இரண்டு மரபணுக்களின் கூட்டு என்று தெரியவந்தது. ஒன்று மட்டும் இருந்தால் அது செல்லுக்குள்ளேயே சிக்கிக்கிடக்கும். சி.ஜி.ஆர்.பி. ஏற்பியை மறிக்கும் எரெனுமாப் 2018இல் ஒற்றைத்தலைவலி மருந்தாக வந்தது.

செல்லும் செல்லும் தொட்டுப் பேசும் ஏற்பிகள் இன்னும் சிரமம் தருபவை. ஒரு நொடிக்குள் விட்டுவிடும் பலவீனமான பிணைப்பு அவற்றுடையது. வழக்கமான முறையில் கழுவினால் எல்லாம் போய்விடும். கேம்பிரிட்ஜுக்கு அருகே சாங்கர் நிறுவனத்தில் கேவின் ரைட் ஏற்பிகளை ஐந்தைந்தாகக் கட்டி அந்தப் பிணைப்பைப் பலப்படுத்தினார். விந்தணுவில் உள்ள இஸுமோ1 2005இலேயே தெரியும். முட்டையில் அது யாரைத் தேடுகிறது என்பது ஒன்பது ஆண்டுகள் புதிராக இருந்தது. 2014இல் விடை கிடைத்தது: ஃபோலேட் ஏற்பி-4 என்று பட்டியலில் ஏற்கெனவே கிடந்த புரதம். அது ஃபோலேட்டைத் தொடுவதே இல்லை. சாயலை வைத்து வைத்த பெயர். அதைக் கழற்றிவிட்டு ஜூனோ என்று வைத்தார்கள். ஜூனோ இல்லாத பெண் சுண்டெலிகள் கருத்தரிப்பதில்லை. கருவுற்றதும் ஜூனோ முட்டையின் பரப்பிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. இரண்டாவது விந்தணு ஒட்டிக்கொள்ள இடமில்லை.

இன்றைய கணக்கைப் பார்த்தால், 2,886 என்ற மதிப்பீட்டுக்கு எதிரே, 2015இல் 41 வகை மனிதச் செல்களின் மேற்பரப்பில் சர்க்கரை ஒட்டிய புரதங்களைப் பிடித்து நிறமாலைமானியில் நேரடியாகக் கண்டவை 1,492. மீதி பெரும்பாலும் கணினியின் ஊகம். மண ஏற்பிகளை ஒதுக்கிவிட்டால் ஜி-புரத ஏற்பிகள் சுமார் 400. அவற்றில் ஏறத்தாழ 100 இன்னும் அநாதைகள். வட கரோலினாவில் பிரையன் ராத்தின் ஆய்வகம் 300க்கு மேற்பட்ட ஏற்பிகளை ஒரே சமயத்தில் சோதிக்கும் தட்டு முறையை 2015இல் வெளியிட்டது. புரதங்களின் உருவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற நிரல் எல்லாவற்றுக்கும் உருவம் வரைந்து கொடுத்துவிடுகிறது. ஆனால் உருவம் தெரிந்ததால் உறவு தெரிந்துவிடவில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்த மதன் பாபு போன்றவர்கள் கேள்வியை வேறு பக்கம் திருப்பியிருக்கிறார்கள்: நன்கு தெரிந்த ஏற்பிகளின் மரபணுவிலேயே மனிதருக்கு மனிதர் வேறுபாடுகள் உண்டு, அவை மருந்து எவ்வளவு பிடிக்கும் என்பதையே மாற்றக்கூடும். புதியதைக் கண்டுபிடிப்பதைவிடப் பழையதைச் சரியாகத் தெரிந்துகொள்வது பெரிய வேலையாகிக்கொண்டிருக்கிறது.

லிகண்ட் கிடைக்காவிட்டால் ஏற்பி அரைகுறை என்ற எண்ணத்தையும் ஒரு மரபணு உலுக்கியிருக்கிறது. ஹெர்2, 1985இல் அக்சல் உல்ரிக் உள்ளிட்டோரால் சாயல் வழியே கண்டுபிடிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோயில் ஒரு பகுதியினரிடம் அதன் பிரதிகள் பெருகியிருப்பதையும், அவர்கள் நிலை மோசமாவதையும் 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் காட்டினார். 1998இல் அதற்கெதிரான டிரஸ்டுசுமாப் மருந்து வந்தது. இத்தனைக்கும் ஹெர்2வுக்கு லிகண்ட் எதுவும் அகப்படவில்லை. 2003இல் வந்த கட்டமைப்புப் படம், லிகண்ட் பொருந்திய நிலையில் உறவினர் ஏற்பிகள் எப்படி விரிந்து நிற்குமோ அப்படியே ஹெர்2 எப்போதும் நிற்பதைக் காட்டியது. வரப்போகிறவருக்காகக் காத்திருக்காத ஏற்பி.

அப்படியானால் மிச்சமுள்ள ஏறத்தாழ நூறு அநாதை ஏற்பிகளில் எத்தனை உண்மையில் யாரையும் எதிர்பார்க்காதவை? ஜி.பி.ஆர்.3 ஒரு நல்ல உதாரணம். முட்டைச் செல் காலத்துக்கு முன்பே முதிர்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது அது; அந்த மரபணு இல்லாத சுண்டெலிகளின் முட்டைகள் முன்கூட்டியே பிரியத் தொடங்குவது 2004இல் தெரிந்தது. செல்லில் ஏற்றினால் யாரும் தூண்டாமலே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அண்மையில் வெளிவந்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் அதன் உட்குழியில் கொழுப்பு மூலக்கூறு போன்ற ஒன்று தெரிகிறது. அதுதான் லிகண்டா, இல்லை சவ்விலிருந்து பிரித்தெடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததா என்பதில் ஆய்வகங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து ஏற்படவில்லை.